இது மனு அல்ல, விண்ணப்பம்

ஆங்கிலத்தில் வேலைக்கு எழுதும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

கடந்த வருடங்களில் எங்கள் பெண்கள் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. நிவாரண அட்டையில் பிள்ளையின் பெயர் விடுபட்டதற்கு ஒரு கடிதம். வீட்டுத் திட்டத்தில் புள்ளி குறைந்ததற்கு ஒரு கடிதம். காணாமற்போன மகனைத் தேடிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் கடிதங்கள். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஒன்று. 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு இன்னொன்று. பெட்டியடியில் இவற்றின் பிரதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள்.

இந்தக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். முதலில் இழப்பைச் சொல்ல வேண்டும். பிறகு இயலாமையைச் சொல்ல வேண்டும். கடைசியில் கருணை காட்டும்படி கேட்க வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பது எங்களுக்கு அனுபவம் கற்றுத் தந்த பாடம். மனுவுக்கு அந்த முறை சரி. அங்கே நடந்ததைச் சொல்வது எங்கள் உரிமை.

ஆனால் வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தப் பழக்கம் எங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் பத்து வருடங்களுக்கு மேலாக ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவதும் என் பொறுப்புகளில் ஒன்று. இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் மாதர் சங்கக் கட்டடத்தில் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே பலர் தாங்கள் எழுதிய விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தித் தரும்படி கொண்டு வருவார்கள். பெரும்பாலானவற்றின் முதல் வரி ஒரே மாதிரி இருக்கும்: “நான் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் மிகுந்த கஷ்டத்தில் வாழ்கிறேன். என்மீது இரக்கம் கொண்டு இந்த வேலையைத் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

நான் வேலை செய்த அலுவலகத்துக்கும் இப்படிப்பட்ட கடிதங்கள் வந்தன. வாசிக்கும் அதிகாரி “பாவம்” என்பார். அந்தச் சொல்லோடு கடிதம் மேசையின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அவருக்குத் தேவைப்பட்டது கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். அந்தக் கடிதத்தை எழுதிய சகோதரிக்குக் கணக்கு எழுதத் தெரியுமா என்பது கடிதத்தில் எங்குமே இல்லை. தெரிந்தும் அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். யார் கண்டது?

விண்ணப்பம் என்ற எங்கள் தமிழ்ச் சொல்லிலேயே தெய்வத்திடமும் அரசரிடமும் பணிந்து சொல்வது என்ற பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அப்ளை’ என்ற சொல்லுக்குப் பொருத்துதல் என்றும் ஒரு பொருள் உண்டு. வேலைக் கடிதத்தை அந்தப் பொருளில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு தேவை இருக்கிறது. என்னிடம் ஒரு திறமை இருக்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. இதைச் சொல்வதே கடிதத்தின் வேலை.

ஆங்கிலம் எங்கே தேவை?

எல்லா வேலைக்கும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. 1987இல் கொண்டுவரப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச பதவிகளுக்கான அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் தமிழிலும் வருகின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் குறித்த படிவம் ஒன்று இருக்கும். அந்தப் படிவத்தை அவர்கள் கேட்டபடியே நிரப்பி, அவர்கள் சொன்ன வழியிலேயே அனுப்ப வேண்டும். அங்கே சொந்தமாக ஆங்கிலக் கடிதம் எழுதுவது வீண் சிரமம்.

தனியார் கம்பனிகள், வங்கிகள், சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள், கொழும்பில் தலைமையகம் உள்ள ஆடைத் தொழிற்சாலைகள் போன்றவற்றுக்குத்தான் ஆங்கிலக் கடிதம் தேவைப்படுகிறது. வேலை கிளிநொச்சியில் இருந்தாலும் கடிதத்தை வாசிப்பவர் கொழும்பில் இருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம்.

விளம்பரத்தை இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை வேலை என்ன, கல்வித் தகைமை என்ன, முடிவுத் திகதி எது என்று பாருங்கள். இரண்டாம் தடவை ஒரு பேனையுடன் வாசியுங்கள். அவர்கள் கேட்கும் திறமைகள் ஒவ்வொன்றின் கீழும் கோடிடுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், உங்கள் வாழ்க்கையில் அதை எங்கே செய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதுங்கள். இந்தத் தாள்தான் உங்கள் கடிதத்தின் அத்திவாரம். ஆங்கிலம் பிறகு வரட்டும்.

கடிதத்தின் அமைப்பு

ஆங்கில முறைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே உங்கள் முகவரி, தொலைபேசி இலக்கம், திகதி. திகதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 5/6 என்று எழுதினால் ஜூன் 5ஆம் திகதியா, மே 6ஆம் திகதியா என்ற குழப்பம் வரும். அதன் கீழே நிறுவனத்தின் பெயரும் முகவரியும்.

விளிக்கும் முறையில் ஒரு விதி உண்டு. யாருக்கு எழுதுகிறோம் என்று பெயர் தெரியாவிட்டால் ‘டியர் சேர் ஓர் மடம்’ என்று தொடங்கி, ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடிக்க வேண்டும். விளம்பரத்தில் பெயர் இருந்தால் ‘டியர் மிஸ்டர்’ அல்லது ‘டியர் மிஸ்’ என்று அந்தப் பெயரைச் சேர்த்துத் தொடங்கி, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடிக்க வேண்டும். ‘யுவர்ஸ்’ என்ற சொல்லில் கடைசி எழுத்துக்கு முன் மேற்குறி போடுவது பிழை.

விளித்த பின் ஒரு வரியில் விடயத்தை எழுதுங்கள்: எந்தப் பதவிக்கான விண்ணப்பம், விளம்பரத்தில் இலக்கம் இருந்தால் அந்த இலக்கம். அதன் பிறகு நான்கு சிறிய பந்திகள் போதும்.

முதற் பந்தி இரண்டே வசனம். எந்தப் பதவி, விளம்பரத்தை எங்கே எப்போது கண்டீர்கள். ‘ஐ ரைட் டு அப்ளை ஃபோர் த போஸ்ட் ஒஃப்’ என்று தொடங்கிப் பதவியின் பெயரை எழுதினால் போதும். ‘ஐ பெக் டு அப்ளை’, ‘ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’, ‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ என்பவை வெள்ளைக்காரர் காலத்தில் கச்சேரி வாசலில் மனு எழுதுவோர் பயன்படுத்திய வசனங்கள். ‘பெக்’ என்றால் பிச்சை கேட்பது, இரந்து கேட்பது. வேலைக் கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. மரியாதைக்கு ஒரு ‘தாங்க் யூ’ போதும்.

இரண்டாம் பந்திதான் கடிதத்தின் உயிர். இந்த வேலைக்குத் தேவையான எதை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள் என்று இங்கே சொல்ல வேண்டும். “கடினமாக உழைப்பேன், நேர்மையாக இருப்பேன்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ணோடு எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு சகோதரி, “எனக்கு ஒரு அனுபவமும் இல்லை ரீச்சர், சங்கத்தில பொருளாளராத்தான் இருந்தனான்” என்றார். விசாரித்தபோது, 42 அங்கத்தவர்களின் சுழற்சிக் கடன் கணக்கை ஆறு வருடம் எழுதியிருக்கிறார். மாதாமாதம் வங்கிக்குப் போய் வந்திருக்கிறார். கணக்காய்வுக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறார். இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? இந்த மூன்று விடயங்களையும் மூன்று சிறிய ஆங்கில வசனங்களாக எழுதினோம். அவ்வளவுதான் அவருடைய இரண்டாம் பந்தி.

மூன்றாம் பந்தியில் கல்வி, பயிற்சி, மொழி. சாதாரண தரம், உயர்தரம் எந்த வருடம், என்ன பெறுபேறு. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருந்தால் எத்தனையாம் மட்டம். மொழியைப் பற்றி உள்ளதை எழுதுங்கள்: தமிழ் தாய்மொழி, ஆங்கிலம் வாசிக்கவும் எளிய கடிதம் எழுதவும் வரும், சிங்களம் கதைத்தால் விளங்கும். இப்படிப் பிரித்து எழுதினால் வாசிப்பவர் நம்புவார்.

நான்காம் பந்தியில், நேர்முகப் பரீட்சைக்கு எப்போது வர முடியும், கடிதத்துடன் எதை இணைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, நன்றியோடு முடியுங்கள்.

பெயருக்கு முன்னால் என்ன?

ஒருநாள் வகுப்பில் ஒரு சகோதரி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ரீச்சர், அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. நான் மிஸிஸ் எண்டு போடுறதோ, விடோ எண்டு போடுறதோ?” வகுப்பில் இருந்த மற்றவர்களும் எழுதுவதை நிறுத்தினார்கள். அந்தக் கேள்வி அங்கே இன்னும் நாலைந்து பேருடையது.

தமிழில் எங்களுக்குத் திருமதி, செல்வி என்ற இரண்டும்தான். ஆங்கிலத்தில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் போட்டு எழுதும் ‘மிஸ்’. 1901ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் முன்மொழியப்பட்ட இந்தச் சொல், 1970களில் பெண்கள் அமைப்புகளின் முயற்சியால் பரவியது. மணமானவரா, மணமாகாதவரா, கணவர் இருக்கிறாரா என்ற எதையும் இது சொல்வதில்லை. ஆணுக்கு ‘மிஸ்டர்’ எப்படியோ அப்படி. கணவரைப் பற்றிய செய்தி தெரியாத ஒரு பெண், ஒரு கம்பனிக்குக் கடிதம் எழுதுவதற்காக அவரை இறந்தவர் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த முடிவை எப்போது எடுப்பது, எடுப்பதா இல்லையா என்பது அவருடைய உரிமை. அதை வேலை வழங்குநர் முதற் கடிதத்திலேயே அறிய வேண்டியதில்லை.

பெயரின் எழுத்துகளிலும் கவனம் தேவை. எங்களில் பலருக்குப் பரீட்சைச் சான்றிதழில் தந்தையின் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் கணவரின் பெயரோடு வேறோர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது ஒன்று. கடிதத்திலும் சுயவிபரக் கோவையிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழில் வேறு விதமாக இருந்தால், சுயவிபரக் கோவையில் அந்த இடத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்தவர்கள் மனந்தளர வேண்டாம். பெறுபேற்றின் சான்றுபடுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் முடிவுத் திகதிக்கு முதல் வாரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. இன்றே தொடங்குங்கள்.

இடைவெளி வருடங்கள்

“2006இல் இருந்து 2011 வரைக்கும் என்ன எழுதுறது?” இது எனக்கு வரும் அடுத்த கேள்வி. அந்த வருடங்களில் படிப்புக் குழம்பியது, வேலை போனது, ஊர் ஊராக ஓடினோம். வாசிப்பவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து என்ன நினைப்பாரோ என்ற பயம்.

அந்த வருடங்களை மறைக்கவும் வேண்டாம், முழுக்கதையாக விரிக்கவும் வேண்டாம். “யுத்தத்தினால் இடம்பெயர்ந்ததால் என் கல்வி தடைப்பட்டது, 2011இல் தொடர்ந்தேன்” என்ற ஒரு வசனம் போதும். தொடர்ந்தேன் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வருடங்களில் நீங்கள் செய்த வேலை ஏதாவது இருந்தால் அதைத் துணிந்து எழுதுங்கள். செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்த ஒரு சகோதரி, “அது சும்மா செய்தது தானே” என்றார். சம்பளம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது தொண்டர் ஆசிரியர் பணி. திகதியும் இடமும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சேர்த்து எழுதியபோது, அவருடைய முன்பள்ளி ஆசிரியை விண்ணப்பத்தில் அதுவே பலமான பகுதியாக அமைந்தது.

வன்னியில் மிதிவெடி அகற்றும் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்கள் பலர். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. நிலம் முழுதும் துப்புரவானால் அந்த வேலையும் முடியும். அப்போது “எனக்கு வெடி எடுக்க மட்டும்தான் தெரியும்” என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு நாளும் எழுதப்பட்ட விதிமுறையை ஒரு படிகூடத் தவறாமல் பின்பற்றியவர்கள் நீங்கள். முதலுதவி பயின்றவர்கள். பாதுகாப்புக் கருவிகளைப் பராமரித்தவர்கள். குழுவாக வேலை செய்தவர்கள். தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவுக்கும் களஞ்சியத்துக்கும் இந்தத் திறமைகள்தான் வேண்டும். உங்கள் வேலையின் பெயரை மட்டும் எழுதாமல், அந்த வேலைக்குள் இருக்கும் திறமைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

புனர்வாழ்வு நிலையங்களில் தையலோ கணினியோ பயின்ற சகோதரிகள், அந்தப் பயிற்சியின் பெயர், காலம், சான்றிதழ் ஆகியவற்றை மற்ற எந்தப் பயிற்சியையும் போல எழுதலாம். நேர்முகப் பரீட்சையில் கேட்டால் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள். பொய் எழுதினால் அது ஒருநாள் வேலையையே பறித்துவிடும்.

உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய, உறவினரல்லாத இருவரின் பெயர்களையும் பொதுவாகக் கேட்பார்கள். பழைய அதிபர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, ஆலயத்தின் குருவானவர் போன்றோரைக் கொடுக்கலாம். முதலில் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் இன்னும் வேலை செய்கிறதா என்றும் அழைத்துப் பாருங்கள்.

தெரிந்த ஆங்கிலம் போதும்

கடினமான சொற்களைத் தேடி அகராதியைப் புரட்ட வேண்டாம். சிறிய வசனங்கள் எழுதுங்கள். ஒரு வசனத்தில் ஒரு விடயம். ‘ஐ’ என்று தன்னைக் குறிக்கும் எழுத்து எங்கே வந்தாலும் பெரிய எழுத்தாக இருக்கட்டும். முடிந்து போனதை இறந்த காலத்தில் எழுதுங்கள்: ‘ஐ வேர்க்ட்’, ‘ஐ கெப்ட் த அக்கவுண்ட்ஸ்’. எங்களில் பலர் எழுதும் ‘ஐ ஆம் நோவிங்’ பிழை. ‘ஐ நோ’ என்பதே சரி.

இப்போது கைத்தொலைபேசியிலேயே மொழிபெயர்க்கும் வசதியும், கேட்டவுடன் முழுக் கடிதத்தையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழை திருத்த அவை நல்ல உதவி. ஆனால் முழுவதையும் அவற்றிடம் விட்டால், நீங்கள் செய்யாத வேலைகளையும் பெறாத தகைமைகளையும் அழகாகச் சேர்த்து எழுதிவிடும். அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டு வாசித்து, அதன் பொருளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத வசனத்தை வெட்டிவிடுங்கள். நேர்முகப் பரீட்சையில் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது

முதல் தேவை உங்கள் சொந்த மின்னஞ்சல் முகவரி. கொமினிகேஷன் கடைத் தம்பி தன்னுடைய முகவரியிலிருந்து அனுப்பித் தருவார் என்று விட்டுவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு ஒரு கடையின் முகவரிக்கு வந்து ஒன்பது நாட்கள் கிடந்தது. பார்த்தபோது பரீட்சை முடிந்திருந்தது. உங்கள் பெயரிலேயே முகவரி உருவாக்குங்கள். விளையாட்டுப் பெயர்கள் வேண்டாம். கடவுச்சொல்லைக் கடையில் சொல்லாதீர்கள். மீட்பதற்கான தொலைபேசி இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழும்புங்கள்.

கடிதத்தையும் சுயவிபரக் கோவையையும் பிடிஎஃப் ஆக மாற்றி இணையுங்கள். வேர்ட் கோப்பாக அனுப்பினால் மற்றக் கணினியில் வரிகள் குழம்பிப் போகலாம். கோப்புக்கு உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் இடுங்கள். ‘டொக்கியுமென்ட் 1’ என்ற பெயரில் வரும் கோப்புகள் நூறு இருக்கும் மேசையில் உங்களுடையதை யார் தேடுவார்? சான்றிதழ்களைக் கேட்டிருந்தால் கைத்தொலைபேசியிலேயே தெளிவாகப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ஜீமெயிலில் 25 மெகாபைட்டுக்கு மேல் இணைக்க முடியாது. அதற்கு மிகக் குறைவாக இருப்பதே நல்லது.

‘சப்ஜெக்ட்’ வரியை வெறுமையாக விடாதீர்கள். பதவி, விளம்பர இலக்கம், உங்கள் பெயர் மூன்றையும் அங்கே எழுதுங்கள். மின்னஞ்சலின் உள்ளேயும் நாலு வரி எழுத வேண்டும்: விளிப்பு, எந்தப் பதவிக்கு, என்ன இணைத்திருக்கிறேன், நன்றி, கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும். வெறும் இணைப்பை மட்டும் அனுப்புவது, வாசலில் நின்று பேசாமல் கடிதத்தை நீட்டுவது போல.

‘சிசி’ என்று ஓர் இடம் இருக்கும். தட்டச்சுக் காலத்தில் தாளுக்கு நடுவே கார்பன் வைத்து எடுத்த பிரதியின் பெயர் அது. மனு எழுதும்போது ஜனாதிபதி, அமைச்சர், அரசாங்க அதிபர் என்று பிரதிகள் அனுப்பிய பழக்கம் எங்களுக்கு உண்டு. வேலை விண்ணப்பத்துக்கு அது வேண்டாம். ஒரே கடிதத்தைப் பத்துக் கம்பனிகளுக்கு ஒரேயடியாக அனுப்பவும் வேண்டாம். எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

அனுப்பும் ஒழுங்கையும் சொல்கிறேன். முதலில் கோப்புகளை இணையுங்கள். பிறகு உள்ளே எழுதுங்கள். பெறுநரின் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். அப்போது கை தவறி அழுத்தினாலும் அரைகுறையாகப் போகாது. முதலில் உங்கள் முகவரிக்கே ஒரு தடவை அனுப்பித் திறந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால் உரிய இடத்துக்கு அனுப்புங்கள். முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முந்தி அனுப்புவது புத்திசாலித்தனம். மின்சாரமும் இணையமும் எங்கள் அவசரத்தைப் பார்ப்பதில்லை.

ஏமாற வேண்டாம்

வேலை விளம்பரம் எல்லாமே வேலைக்கானவை அல்ல. பதிவுக் கட்டணம், சீருடைக் காசு, பயிற்சிக் காசு என்று முதலிலேயே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடையாள அட்டையின் படத்தையோ வங்கி இலக்கத்தையோ முதற் கடிதத்துடன் அனுப்ப வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தே நீங்கள் பிறந்த வருடத்தையும் நாளையும் அறியலாம். நாளைக் குறிக்கும் எண்ணோடு பெண்களுக்கு 500 கூட்டப்பட்டிருப்பதால், நீங்கள் பெண் என்பதும் தெரிந்துவிடும். வெளிநாட்டு வேலையென்றால் முகவர் நிலையம் பதிவு செய்யப்பட்டதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டு அறியுங்கள்.

பதில் வராவிட்டால்

அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திகதி, எந்த நிறுவனம், எந்தப் பதவி, என்ன பதில். மின்னஞ்சல் பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். ‘ஸ்பாம்’ என்ற பகுதியையும் பாருங்கள். முடிவுத் திகதி கழிந்து இரண்டு வாரத்தின் பின் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். பல நிறுவனங்கள் தெரிவு செய்யாதவர்களுக்குப் பதில் எழுதுவதே இல்லை. அதனால் மௌனத்தை உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு விளம்பரத்தை எடுத்து, இன்னொரு தடவை கோடிட்டு வாசியுங்கள்.

சங்கத்துக்குக் கணக்கு எழுதிய அந்தச் சகோதரிக்கு நாலாவது கடிதத்துக்குத்தான் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. “எத்தனை பேருடைய கணக்கு எழுதினீர்கள்?” என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்களாம். “ஃபோர்ட்டி டூ மெம்பர்ஸ், சிக்ஸ் இயர்ஸ்” என்று சொன்னதாக என்னிடம் சொன்னார். அடுத்த மாதம் முதலாம் திகதி அவர் வேலைக்குச் சேர்ந்தார்.